பக்கத்து பெஞ்சுக்காரனின் சாமி

திருத்தணியிலிருந்து திருப்பதிக்குப் போகிற சாலை நகரி, புத்தூர் தாண்டி எங்கள் வடமாலபேட்டை வழியாகப் போகிறது. அந்தச் சாலையின் ஒரு முனையில் 1888-ல் பிறந்து, மறுமுனைக்குப் படிக்கப் போன பையனைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1896-ல் திருப்பதியில் லுத்தரன் மிஷன் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். பிறகு வேலூர் ஊரீசு கல்லூரி, சென்னைக் கிறித்துவக் கல்லூரி. தன் மதத்தைப் பற்றி மிஷனரிகள் வைத்த விமர்சனம் தன்னை உறுத்தியது, அதுவே இந்து தத்துவத்தைத் தேடிப் படிக்க வைத்தது என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

இந்தக் கதையை எல்லோரும் வெற்றிக் கதையாகவே சொல்கிறார்கள். என் மனம் போவது அவரோடு உட்கார்ந்திருந்த மற்றப் பையன்களிடம். வீட்டில் அம்மா விளக்கேற்றிக் கும்பிடும் சாமியை வாத்தியார் பொய் என்று சொன்னால், பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? ஆயிரத்தில் ஒருவன் தத்துவம் படிக்கப் போவான். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள், அல்லது கோபத்தை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

அதே மனிதரின் வாழ்க்கையில் இன்னொரு வாத்தியாரும் வருகிறார். வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாக 1908-ல் ராதாகிருஷ்ணன் எம்.ஏ. ஆய்வேடு எழுதினார். தத்துவப் பேராசிரியர் ஏ. ஜி. ஹாக் மிஷனரி. அவர் மனம் புண்படுமோ என்று மாணவர் பயந்தார். ஹாக்கோ ஆய்வேட்டைப் படித்துவிட்டு மனதாரப் பாராட்டினார். தன் மதத்தை ஒருபிடி கூட விட்டுக்கொடுக்காதவர், மாணவன் தன் மதத்துக்காக வாதாடியதை நேர்மையாக எடைபோட்டார். பள்ளியில் மதம் கற்பிக்கலாமா என்று யார் கேட்டாலும், ஹாக் மாதிரி ஆள் கிடைத்தால் கற்பிக்கலாம் என்பதே என் பதில்.

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் நடப்பது வேறு. கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போட்ட பையன் கறுப்பு உடையில், வெறுங்காலோடு வகுப்புக்கு வருகிறான். தலைமையாசிரியர்கூட அவனை ‘சாமி’ என்றுதான் கூப்பிடுகிறார். ரம்ஜான் மாதத்தில் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் இரண்டு பெண்கள் மட்டும் தட்டெடுக்காமல் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரோ திருமலையிலிருந்து லட்டு கொண்டுவந்து வகுப்பில் பங்கு வைக்கிறார்கள். ஒரு பிள்ளை கையை நீட்டாமல் பின்னால் கட்டிக்கொள்கிறது. அது ஏன் வாங்கவில்லை என்ற கேள்வி முப்பது முகங்களில் தெரிகிறது. டீச்சர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வார்த்தை பிசகினால் மறுநாள் காலையில் யார் வந்து நிற்பார்கள் என்ற பயம் அவருக்கு. ஆனால் அவர் விட்டுப்போன அந்தக் கேள்விக்கு, சாயங்காலம் அப்பாவின் செல்போனில் வரும் வாட்ஸ்அப் பதில் சொல்லிவிடும். எப்படிப்பட்ட பதில் என்று நமக்குத் தெரியும்.

அரசுப் பணத்தில் முழுக்க நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்று அரசியல் சாசனத்தின் 28-வது பிரிவு சொல்கிறது. உதவி பெறும் பள்ளியிலும், பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையை மதபோதனையில் உட்காரவைக்க முடியாது. 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இதற்குக் காரணம் சொன்னார்: வரி எல்லோரும் கட்டுவது, பள்ளியில் பல மதத்துப் பிள்ளைகள், ஒவ்வொரு மதமும் தன் வழியே மோட்ச வழி என்று சொன்னால் அங்கே அமைதி இருக்காது. நான் இந்த வேலியை முழுமனதாக ஏற்கிறேன். ஆனால் வேலி போட்டது போதனைக்கு. மதத்தைப் போதிப்பது வேறு, மதங்களைப் பற்றிக் கற்பிப்பது வேறு என்று 1964-66 கோத்தாரி கல்விக் கமிஷன் தெளிவாகப் பிரித்தது. 2002-ல் பள்ளிப் பாடத்திட்டம் பற்றிய அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டது. நம் பள்ளிகளோ இரண்டையும் சேர்த்துப் பூட்டி வைத்துவிட்டன.

பூட்டாத ஊரும் இருக்கிறது. இலங்கையில் சமயம் கட்டாயப் பாடம். சாதாரணதர (ஓ-லெவல்) பரீட்சை வரை உண்டு. சைவநெறி, பௌத்தம், இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் புத்தகம். பல மதத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அந்தப் பாடவேளை வந்தால் ஆளுக்கொரு அறைக்குப் பிரிந்து போகிறார்கள். இதன் வேர் பழையது. பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1848-ல் மிஷன் பள்ளியிலிருந்து வெளியேறி யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கினார். மிஷன் பள்ளியில் அவமானப்பட்ட சைவப் பிள்ளைக்கு நிமிர்ந்து உட்கார ஓர் இடம் தேவைப்பட்டது. அதை அவர் கொடுத்தார். அன்றைக்கு அது நியாயம். ஆனால் பத்து வருஷத்துக்கு மேல் தன் சமயத்தையே படித்து, பரீட்சையும் எழுதும் பிள்ளை, பக்கத்து அறையில் என்ன பாடம் நடந்தது என்று தெரியாமலே வெளியே வருவது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. பிளவுபட்ட ஊரில் அந்தச் சுவர்தான் முதலில் இடிக்க வேண்டியது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் பெற்றோர் சேர்ந்து 1981-ல் லாகன் கல்லூரியைத் தொடங்கியபோது, இரு தரப்புச் சண்டைக்கு நடுவிலேதான் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்காரவைத்தார்கள். முதலில் வந்தது 28 பேர்தான்.

திருப்பதிப் பள்ளியில் உட்கார்ந்திருந்த அந்தப் பையன் பெரியவனாகி, 1948-49-ல் பல்கலைக்கழகக் கல்விக் கமிஷனுக்குத் தலைவரானார். பட்டப்படிப்பின் முதல் வருஷம் புத்தர், இயேசு, முகமது, சங்கரர், ராமானுஜர், கபீர், நானக் போன்றோரின் வாழ்க்கை. இரண்டாம் வருஷம் எல்லா மதங்களின் வேத நூல்களிலிருந்தும் பொதுவான பகுதிகள். மூன்றாம் வருஷம் மதத் தத்துவம் என்று அந்த அறிக்கை சொன்னது. தன் வகுப்பில் கிடைக்காததை அடுத்த தலைமுறைக்குக் கேட்டார் என்றுதான் அதை நான் வாசிக்கிறேன். அதைக் கல்லூரி வரை தள்ளிப்போட வேண்டாம், எட்டாம் வகுப்பிலேயே தொடங்கலாம் என்பது என் எண்ணம். நிபந்தனை ஒன்றே ஒன்று: ஒரு மதத்தைப் பற்றிச் சொல்வதை, அந்த மதத்துப் பிள்ளை முன் பெஞ்சில் இருக்கும்போது அதன் முகம் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். நோன்பு என்றால் என்ன என்று அந்த வராந்தாப் பெண்ணே எழுந்து சொல்லட்டும். லட்டு வாங்காத பிள்ளை ஏன் வாங்கவில்லை என்று சொல்ல விரும்பினால் சொல்லட்டும், விரும்பாவிட்டால் விடட்டும்.

‘என் பிள்ளை மாறிப்போனால்?’ என்று கேட்கும் அப்பா அம்மா உண்டு. அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ராதாகிருஷ்ணன் படித்த பள்ளியும் கல்லூரியும் மிஷனுடையவை. நாவலர் பைபிளை வரி வரியாகத் தமிழில் பார்த்தவர். இருவரும் தம் மதத்தில்தான் இருந்தார்கள். இருந்தாலும் பெற்றோர் வெறும் வாய்வார்த்தையை நம்ப வேண்டியதில்லை. பாடப் புத்தகத்தை முதல் நாளே வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். யார் வேண்டுமானாலும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடத்தைக் கேட்கலாம் என்று பள்ளிக்கூட வாசலில் தெலுங்கிலும் தமிழிலும் உருதுவிலும் எழுதி ஒட்டுங்கள்.