ஏழு நாள் நோக்கிய மரம்



பகவான் புத்தர் போதியை எய்திய பின் முதல் வாரத்தை மரத்தடியிலேயே கழித்தார் என்பதை நாம் அறிவோம். இரண்டாம் வாரத்தில் அவர் செய்தது யாது? பாலி உரைநூல்கள் கூறும் மரபின்படி, சற்று விலகி நின்று, தமக்கு நிழல் தந்த அம்மரத்தையே ஏழு நாட்கள் இமை கொட்டாது நோக்கியிருந்தார். புத்தகயையில் அவ்விடம் அநிமிஷ லோசனம் என்று வழங்கப்படுகிறது. சொல்ல வேண்டிய தம்மமோ உள்ளத்தில் நிறைந்திருக்கிறது. கேட்க வேண்டியவரோ துன்பத்தில் உழல்கின்றனர். அந்நிலையிலும் ஒரு வாரம் முழுவதையும் ஒரு மரத்தைப் பார்ப்பதற்கு அளித்தார். இது நன்றியறிதல் என்பர் பெரியோர். மெய்தான். ஆயினும் அந்நன்றி நின்று பார்க்கிறவனுக்கே தோன்றும். ஓடுகிறவனுக்கு மரமும் ஒன்றே, விளக்குக் கம்பமும் ஒன்றே.

பெங்களூரில் வாழும் நமக்குப் பார்ப்பதற்கு மரங்கள் இன்னும் எஞ்சியுள்ளன. 1865-இல் ஜெர்மனியில் பிறந்த கிரும்பீகல் என்பவர் லண்டன் கியூ தோட்டத்தில் பணிபுரிந்து, பரோடா வழியாக 1908-இல் இங்கு வந்து, லால்பாக் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். ஒரு சாலையில் பூ உதிர்ந்து முடியும்போது மற்றொரு சாலையில் பூக்கத் தொடங்க வேண்டும், எம்மாதத்திலும் நகரில் எங்கேனும் ஒரு மரம் பூத்திருக்க வேண்டும் என்று திட்டமிட்டு மரங்களைத் தேர்ந்து நடச் செய்தார். 1956-இல் இந்நகரிலேயே மறைந்தார். அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் தீட்சை பெற்றதும், ஆசாரிய புத்தரக்கிதர் காந்திநகரில் மகாபோதி சங்கத்தை நிறுவியதும் அவ்வாண்டிலேதான். பின்னர் 1980-களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹாள் இலட்சக்கணக்கான மரங்களை நடுவித்தார்.

ஆண்டின் தொடக்கத்தில் தபேபுயா மரம் இலைகளை உதிர்த்து வெறுங்கிளையாய் நிற்கிறது. பின்னரே பூக்கிறது. பூத்த நாளில் படம் பிடிக்கக் கூட்டம் கூடுகிறது. வெறுங்கிளையாய் நின்ற நாட்களில் ஏறிட்டுப் பார்ப்பார் இல்லை. உகாதியை ஒட்டிப் புங்க மரத்தைக் கவனியுங்கள். பழுத்த இலை தரையை மூடுவதற்குள் கிளையெங்கும் பசுந்தளிர் பளபளக்கும். உதிர்தல் எங்கே முடிந்தது, துளிர்த்தல் எங்கே தொடங்கியது என்று கோடு கிழித்துக் காட்ட எவராலும் இயலாது.

அநித்தியம் என்ற சொல்லை நம்மில் பலர் சாவு வீட்டில் மட்டுமே நினைக்கிறோம். இது பெருங்குறை என்போம். யாவும் மாறும் என்பது நமக்கு இழவுச் செய்தியன்று, விடுதலைச் செய்தி. மாறாதது ஒன்றுண்டு என்றிருந்தால், பிறப்பால் தாழ்ந்தவர் என்று நம் முன்னோர்மீது எழுதிய எழுத்தும் அழியாதன்றோ? அநாதிகாலமாய் உள்ளது, ஆகையால் மாறாது என்று வாதிடுவோரை லால்பாக்கின் பாறைமேல் ஏற்றிவிட வேண்டும். ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயதுடைய அப்பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1975-இல் தேசியச் சின்னமாக அறிவித்தது. குனிந்து நோக்கினால் கருமையும் வெண்மையுமாய் வரிகள் நெளிவது தெரியும். பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இளகி மடிந்ததன் அடையாளம் அது. கல்லே அவ்வாறு நெளிந்ததெனில் மனிதன் வகுத்த கட்டு எம்மாத்திரம்?

கலையும் இதே பொறுமையைக் கேட்கிறது. இந்நகரின் ஓவியர் வெங்கடப்பா (1886–1965) பரம்பரைச் சித்திரக்காரர் குடும்பத்தில் பிறந்து, கல்கத்தாவில் அபனீந்திரநாத தாகூரிடம் பயின்றவர். வீணை சேஷண்ணாவிடம் வீணையும் கற்றவர். உதகையின் மலைகளையும் முகிலையும் நீர்வண்ணத்தில் தீட்டினார். நீர்வண்ணத்தில் ஒரு பூச்சு காய்ந்த பின்னரே அடுத்ததை மேலே இட வேண்டும். அவசரப்பட்டால் நிறம் கலங்கிவிடும். அவ்வாறு காத்திருந்து வரைந்ததை நாம் அரை நிமிடத்தில் கடந்து சென்றால் கண்டது என்ன?

"இவையெல்லாம் வேலையற்றவர்க்கு உரியவை, உழைப்பாளிக்கு ஏது நேரம்?" என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆனால் கோலார் தங்கவயலை எண்ணிப் பாருங்கள். வட ஆர்க்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் அங்கே உழைத்தனர். சுரங்கத்தின் ஆழம் நாளடைவில் மூன்று கிலோமீட்டரையும் கடந்தது. 2001-இல் மூடப்படும்வரை அவர்களுடைய பொழுதை அளந்தது ஆலைச் சங்கு. அந்த மண்ணில்தான் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சாக்கிய பௌத்த சங்கம் வேரூன்றியது. சித்தார்த்தா புத்தகசாலை பண்டித அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டது. சங்கு ஒலிக்கும் இரு வேளைகளுக்கு இடையே அவர்கள் தங்களுக்கென்று ஒரு பொழுதை மீட்டெடுத்தனர். யாரும் அதனைக் கொடுக்கவில்லை. இன்று இந்நகரில் இரவுப்பணி செய்வோரும் துப்புரவுப் பணி செய்வோரும் நம் சங்கத்தில் உள்ளனர். நின்று பார்க்கும் உரிமை அவர்களுக்கு இல்லை என்றால், அது செல்வருக்கே உரிய சொத்தாகிவிடும்.

வரும் பூரணைக்கு விகாரைக்குப் புறப்படுகையில் அரைமணி நேரம் முன்னதாகப் புறப்படுவோம். வழியில் கன்னடத்தார் அரளிக்கட்டே என்று கூறும் அரசமரத்து மேடை ஒன்று தென்படாமற் போகாது. மேடையில் நாகக்கற்கள் இருக்கலாம். நமக்கு வேண்டியது மேலே இருக்கிறது. ஓர் இலையை மட்டும் நோக்குவோம். ஏனைய மரங்கள் அசைவற்றிருக்கும் வேளையிலும் அரசிலை ஆடும். அதன் காம்பு நீண்டு மெலிந்தது, மெல்லிய காற்றே போதும். குழந்தைகளை அழைத்துச் செல்வோர் விளக்கம் கூற முந்த வேண்டாம். இலை ஏன் ஆடுகிறது என்று சற்று நேரத்தில் அவர்களே கேட்பார்கள்.