தாயின் நடை



சேலம் கடைவீதியில் நீங்கள் கண்டிருப்பீர்கள்: மகன் முன்னே விரைகிறான், பத்தடி பின்னே வயோதிகத் தாய். "வெரசா வாம்மா!" என்கிறான். அவளோ, பதில் சொல்ல வாயெடுத்ததும் நின்றுவிடுகிறாள்.

இது பிடிவாதமா? அன்று. வயது ஏற ஏறக் கணுக்கால் தரையை உந்தும் வலு குன்றுகிறது; இடுப்பு அந்த வேலையையும் ஏற்கிறது. எடுத்துவைக்கும் அடி குறுகுகிறது. மூட்டு எவ்வளவு மடங்கியது என்று மூளைக்கு அறிவிக்கும் உணர்வும் மங்குகிறது. முன்பு தானாய் நடந்த காலுக்கு இப்போது கவனமும் வேண்டியிருக்கிறது. பேசினால் நின்றுவிடும் முதியோர் விழும் அபாயம் அதிகம் என்று 1997-இல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் கண்டனர்.

நடந்தவர்களைச் சரித்திரம் போற்றுகிறது. திருச்செங்கோட்டருகே ஆசிரமம் நிறுவிய ராஜாஜி, 1930-இல் தமது 51-ஆம் வயதில், உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யம்வரை ஏறக்குறைய 150 மைல் நடந்தார். அதை மெச்சுகிறோம், நியாயமே. அந்த வயதில் நம் தாயும் தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்தவளன்றோ? அந்த மைல்களை எவரும் எண்ணி வைக்கவில்லை, அவ்வளவே.

அப்படியானால், சேர்ந்து போகும் வழியில் யாருடைய நடை அளவாக வேண்டும்? மகனால் மெதுவாய் நடக்கக்கூடும்; தாயால் விரைய இயலாது. எவனால் கூடுமோ, அவன்மேலேயே கடமை விழுகிறது. "இனி நடக்கவேண்டாம்" என்று மூலையில் உட்காரவைப்பதும் அன்பாகாது. நடவாத கால் இன்னும் தளரும்.

வரும் ஞாயிறன்று கோயிலுக்கு வருகையில் தாயின் அருகே, அவள் நடையிலேயே நடவுங்கள். ஏதேனும் கேட்க வேண்டுமானால், முதலில் நீங்கள் நின்று, பிறகு கேளுங்கள்.