ஏமாந்தவர் பேரில் பழி உண்டோ?



சென்ற தீபாவளி கழிந்த எட்டாம் நாள், காலைப் பூசை முடிந்து நான் கோயிலைவிட்டு வெளியே வருகையில், வயதான தாயொருவர் தூண் மறைவில் நின்றுகொண்டிருந்தார். "தோத்திரம் சாமி" என்றார். அப்புறம் பேச்சில்லை. முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். மெள்ள விசாரித்ததில் சங்கதி வெளிப்பட்டது. சிங்கப்பூரிலிருக்கும் மகன் அனுப்பிய பணத்தில் பேரப்பிள்ளைகளுக்கு மத்தாப்பும் வாணமும் வாங்க நினைத்திருக்கிறார். சிவகாசி விலைக்கே தருகிறோம், நூற்றுக்கு எண்பது தள்ளுபடி என்று கைப்பேசியில் ஒரு விளம்பரம். அதிலிருந்த எண்ணுக்குப் பேசினால் மரியாதையாக "அம்மா, அம்மா" என்று ஒரு பிள்ளை பேசியிருக்கிறான். விலைப்பட்டியல் வந்தது, 4,500 ரூபாய் போனது, முத்திரை வைத்த ரசீதும் வந்தது. மறுநாள் லாரி வாடகை என்று இன்னும் 1,200 ரூபாய். அதன்பின் அந்த எண் எடுபடவேயில்லை.

"வீட்டில் சொன்னீர்களா அம்மா?" என்று கேட்டேன்.

"சொன்னா சிரிப்பாங்க சாமி. மருமகளுக்குக்கூடத் தெரியாது. நான் கேக்க வந்தது வேற. இது பாவமா? பாவசங்கீர்த்தனத்தில சொல்லணுமா?"

இல்லை அம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இதைப் பேர் ஊர் குறிக்காமல் எழுதலாமென்று அந்தத் தாயே பிற்பாடு அனுமதி தந்தார், ஆகையால் எழுதுகிறேன்.

ஏமாறுகிறவன் இருக்கும்வரை ஏமாற்றுகிறவன் இருப்பான் என்று நம் ஜனங்கள் சர்வசாதாரணமாகச் சொல்லுகிறார்கள். கேட்பதற்கு ஞானம்போலத்தான் இருக்கிறது. ஆனால் அது என்ன செய்கிறதென்று கவனித்துப் பாருங்கள். திருடன் தலையிலிருக்க வேண்டிய பாரத்தைத் தூக்கி, திருட்டுக் கொடுத்தவன் தலையில் வைக்கிறது. பூட்டில்லாத வீட்டில் களவு போனால் பூட்டாதவன் கவலையீனன்தான். அதனால் களவாணி யோக்கியனாகி விடுவானா? இந்தப் பழமொழி எனக்குப் பிடிக்கிறதில்லை.

கைப்பேசி வந்ததால்தான் உலகம் கெட்டது என்று சொல்லுகிற பெரியவர்களோடும் நான் ஒத்துப்போக மாட்டேன். கைப்பேசி இல்லாத காலத்திலும் நம்மவர்கள் கூட்டங்கூட்டமாய் ஏமாந்திருக்கிறார்கள். வட்டி அதிகம் தருவதாகச் சொன்ன நிதி நிறுவனங்களில் பணத்தைப் போட்டு இழந்த குடும்பங்கள் எத்தனை! அந்தக் கண்ணீர் பெருகியதால்தான் 1997-ல் தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலனைக் காக்கத் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் மூழ்கின கதையை மறந்திருக்க மாட்டீர்கள். ஆசைக்கும் வஞ்சகத்திற்கும் மின்சாரம் தேவையில்லை.

அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? நம் புதுக்கோட்டைச் சந்தைப்பேட்டைக்கு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் போய்ப் பாருங்கள். ஆடு வாங்க வந்தவன் முதலில் விலை கேட்பதில்லை. முதுகெலும்பைத் தடவுகிறான். வாயைத் திறந்து பல்லை எண்ணுகிறான். இரண்டு பல்லா, நான்கு பல்லா, வயது தெரிந்துபோகும். நாலடி நடக்கவிட்டுக் குளம்பைப் பார்க்கிறான். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு விற்கிறவன் நிற்கிறான், கோபித்துக்கொள்வதில்லை. என்மேல் நம்பிக்கை இல்லையா என்று எந்த ஆட்டு வியாபாரியும் கேட்டதாக நான் அறியேன். பல்லைப் பார்ப்பது அவனை அவமதிப்பதன்று என்று இரண்டு பேருக்கும் தெரியும். சோதித்துப் பார்ப்பது சிநேகத்துக்கு விரோதமன்று.

13-ம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் தமது பெருநூலில் வாங்கல் விற்றலில் நேரும் வஞ்சகத்திற்கென்றே ஒரு தனி வினாவை ஒதுக்கியிருக்கிறார். குருமடத்தில் அதைப் படித்தபோது, இவ்வளவு பெரிய வேதபாரகருக்குச் சந்தைக் கணக்கில் என்ன வேலை என்று நாங்கள் சிரித்ததுண்டு. விற்கிற பொருளில் மறைந்திருக்கும் குற்றத்தை விற்பவன் சொல்லக் கடமைப்பட்டவன் என்கிறார் அவர். குதிரைக்கு ஒரு கண் இல்லையென்றால் அது பார்த்தவுடன் தெரிவது. விலையை அதற்குத் தக்கபடி குறைத்திருந்தால் வாய்விட்டுச் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. கண்ணுக்குத் தெரியாததைத்தான் சொல்லியாக வேண்டும். இப்போது யோசியுங்கள். கைப்பேசிக் கடையில் கண்ணுக்குத் தெரிவது என்ன? ஒரு படம் மட்டுந்தான். அங்கே பொருள், வியாபாரி, கடைவீதி எல்லாமே மறைந்திருக்கின்றன. ஆகவே விற்பவனின் கடமை அங்கே பன்மடங்கு கூடுகிறது.

நம் தேசத்துச் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்லுகிறது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020 ஜூலையில் இணைய வியாபாரத்திற்கென்று விதிகள் வந்தன. வியாபாரி தன் பேரையும் விலாசத்தையும், புகார் கேட்கும் அதிகாரி யார் என்பதையும் காட்ட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்திற்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். இவையெல்லாம் ஒரு கடையில் இல்லையா? வாயைத் திறக்கவிடாத ஆடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருள் பழுதாக வந்து கடைக்காரன் காது கொடுக்காவிட்டால் 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். பழைய நல்லொழுக்க நூல்களில் அறியாமையை இரண்டாகப் பிரித்துச் சொல்லுவார்கள். ஒருவன் எவ்வளவு பிரயாசைப்பட்டாலும் நீக்கிக்கொள்ள முடியாத அறியாமை ஒன்று. கொஞ்சம் விசாரித்தால் நீங்கிவிடக் கூடியது மற்றொன்று. முன்னதற்குக் குற்றமில்லை. பின்னதற்கு, விசாரிக்காத அளவுக்குக் குற்றம் உண்டு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இணையக் கடைகளின் மூலம் பட்டாசு விற்கக் கூடாதென்று உத்தரவிட்டது. அந்த உத்தரவை மீறி விற்கிறேனென்று கூப்பிடுகிறவன், ஏற்கெனவே ஒரு விஷயத்தில் சட்டத்தை மீறினவன் என்று நமக்குத் தெரிந்திருந்தால் உஷாராகியிருப்போம். ஆனால் தீர்ப்புகளைப் படிக்கிற வழக்கம் அந்தத் தாய்க்கு எங்கேயிருந்து வரும்? படித்த பிள்ளைகளுக்கே தெரியவில்லை. அவருடைய அறியாமையைப் பாவமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் ஏமாறுவதெல்லாம் குற்றமற்றது என்று பொதுவாய்ச் சொல்லிவிடலாமா? அப்படிச் சொல்லத்தான் நினைத்தேன். அப்போது 2018-ல் நடந்த ஒரு கொடுமை நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸப்பில் செய்தி பரவிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் புறப்பட்டு, திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே அத்திமூர்ப் பக்கம் வழி கேட்க நின்றது. காரிலிருந்த 65 வயது மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அவ்வளவுதான். ஊரே திரண்டு அடித்ததில் அந்த மூதாட்டி இறந்துபோனார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு வைத்தது.

அந்த ஊராரும் ஏமாந்தவர்கள்தானே? பொய்ச் செய்தியை மெய்யென்று நம்பினவர்கள்தானே? ஆம். ஆயினும் இவர்களையும் நம் தாயையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா? அந்தத் தாய் நம்பியபோது பணயம் வைத்தது தம் சொந்தக் காசை. ஊரார் நம்பியபோது பணயம் வைத்தது அடுத்தவருடைய உயிரை. பிறருடைய உயிரையோ பேரையோ பணயம் வைத்து நம்புகிறவன், விசாரிக்காமலிருக்க உரிமையற்றவன். அந்தச் செய்தியைத் தட்டி அனுப்பினவர்கள் ஒருவரும் கையில் கம்பு எடுக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து, நாலு பேருக்கு நல்லது செய்கிறோமென்றே எண்ணியிருப்பார்கள். ஒரு பெண்ணின் நடத்தையைப் பற்றியோ, ஒரு வியாபாரியைப் பற்றியோ, வேறு மதத்தாரைப் பற்றியோ வருகிற செய்தியை நாமும் அப்படித்தானே அனுப்புகிறோம்? நம் பங்கின் வாட்ஸப் குழுவிலும் பார்க்கிறேன். வந்த வேகத்தில் போகிறது. பட்டாசுக்காரனிடம் ஏமாந்ததைச் சொல்லத் தவிக்கிற மனச்சாட்சி, இதற்குத் தவிப்பதாகக் காணோம்.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. உன் வங்கிக் கணக்கை எனக்குக் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன், நீ ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சிலர் வருகிறார்களாம். ஒன்றும் செய்யாமல் காசு வருகிறதென்றால், எவனோ ஒருவன் இழந்த காசு உன் கணக்கு வழியாய் ஓடுகிறது என்று அர்த்தம். அந்தத் தாயின் 4,500 ரூபாய் போனதும் அப்படிப்பட்ட ஒரு கணக்குக்காகவே இருக்கலாம். இதற்குப் பேர் பாவத்திற்கு உடந்தை. போலீசார் முதலில் வந்து நிற்பதும் கணக்குக்குச் சொந்தக்காரன் வாசலில்தான்.

வெளிநாட்டு வேலை என்றாலே நம் மாவட்டத்தில் ஓர் இழுப்பு உண்டு. 2022-ல் சமூக வலைத்தள விளம்பரங்களை நம்பித் தாய்லாந்தில் கணினி வேலை என்று போன பிள்ளைகள் மியான்மரின் மியாவடி என்ற இடத்திற்குக் கடத்தப்பட்டார்கள். அங்கே அவர்களுக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? கைப்பேசியில் அந்நியரோடு இனிமையாய்ப் பேசி ஏமாற்றிப் பணம் பறிப்பது. மறுத்தால் அடி. அவ்வாண்டு அக்டோபரில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் ஏறக்குறைய 1,00,000 பேரும் இவ்விதம் சிறைப்பட்டு மோசடிக்கு உட்படுத்தப்பட்டிருக்கலாமென்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் அறிவித்தது. "அம்மா, அம்மா" என்று அந்தத் தாயிடம் பேசிய பிள்ளை எங்கேயிருந்து பேசினானோ, யார் கண்டது? அவன் துணிந்த கள்ளனாயிருக்கலாம். முதுகில் தடியடிக் காயத்தோடு உட்கார்ந்திருந்தவனாயுமிருக்கலாம். அவனைச் சபிக்குமுன் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விவேகம், நீதி, திடம், மட்டசனம் என்று நான்கு தலையான புண்ணியங்களைச் சிறுவயதில் மனப்பாடம் செய்தோம். அவற்றில் விவேகம் முதலாவது வருகிறது. ஜாக்கிரதையாயிருப்பது அந்த விவேகத்தின் ஓர் அங்கம் என்பதும் அர்ச். தோமாஸ் சொன்னதே. இது படித்தவர்களுக்கு மட்டும் வாய்க்கும் புண்ணியமன்று. பணம் வாங்குவதற்கு ரகசிய எண்ணை அழுத்த வேண்டியதேயில்லை, பணம் கொடுக்கத்தான் அது வேண்டும் என்ற ஒரே விஷயத்தை அறிந்திருந்தால் போதும், பாதி மோசடி வாசலிலேயே திரும்பிப்போகும். ஓ.டி.பி. கேட்கிறவன் வங்கிக்காரனல்ல. காணொளியில் போலீஸ் உடுப்போடு தோன்றி, உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறேன் என்று எவனாவது மிரட்டினால், அப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதம மந்திரியே வானொலியில் இதைச் சொல்லி எச்சரித்தார்.

எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது அந்தத் தாய் இழந்த பணமன்று, அவர் பேசாமலிருந்த அந்த நாட்கள்தான். பணம் போனவுடன் 1930 என்ற எண்ணுக்குச் சொன்னால், அது எந்தக் கணக்குக்குப் போயிற்றோ அந்த வங்கிக்குத் தகவல் போகும்; கள்ளன் எடுக்குமுன் நிறுத்திவைக்கச் சில சமயம் முடிகிறது. 2021-ல் இருந்து இந்த ஏற்பாடு உண்டு. மணிக்கணக்கில் செய்ய வேண்டிய காரியம் இது. நம் தாய் நாட்கணக்கில் காத்திருந்தார். ஏன்? சிரிப்பார்கள் என்று. அப்படியானால் அந்தப் பணம் தப்பிப் போவதற்குக் கள்ளனுக்குத் துணை நின்றவர்கள் யார்? நாம்தான். ஏமாந்தவரைக் கண்டால் திண்ணையில் உட்கார்ந்து, "காலேஜ் படிச்ச பிள்ளை வீட்டிலிருந்தும் இப்படியா?" என்று பேசுகிற நம் நாக்குத்தான்.

அன்றைக்கே அவரைப் பங்கு வீட்டுக்கு அழைத்து 1930-க்குப் பேசவைத்துப் புகார் பதிந்தோம். பணம் இதுவரை வரவில்லை. வருமென்று நான் வாக்களிக்கவுமில்லை. ஆனால் அன்று மாலையில் அவர் தைரியமாக வீட்டில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். மருமகள் கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அத்தை, பாஸ்காவுக்குன்னு நான் வாங்கின பட்டுப்புடவை வரவே இல்ல, நானும் யார்கிட்டயும் சொல்லல" என்றாளாம். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்களாம். சிரித்து முடித்தபின் அந்தப் புகாரையும் எழுதக் கொண்டுவந்தார்கள்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பள்ளிக்கூட வராந்தாவில் நம் இளைஞர் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். கைப்பேசியில் சந்தேகமிருக்கிறவர்கள், ஏமாந்ததைப் புகார் செய்ய விரும்புகிறவர்கள் போகலாம். கேட்கிற சங்கதியை வெளியே சொல்ல மாட்டோமென்று இருவரும் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள். ரகசிய எண்ணை மட்டும் அவர்களிடமும் சொல்ல வேண்டாம்.