மதிப்பெண்ணும் மகனும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான அன்று, அஸர் தொழுகைக்குப் பின்னர் பள்ளிவாசலின் வெளித்திண்ணையில் ஒரு மாணவன் அமர்ந்திருந்தான். மஃரிப் முடிந்தது, அவன் வீடு செல்லவில்லை. இஷாவும் முடிந்து மோதினார் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். அப்போதும் அவன் ஹவ்ளின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். நம்மிடம் ஐந்தாண்டுகள் மக்தபில் ஓதிய பிள்ளை. அருகில் சென்று விசாரித்தோம். 431 மதிப்பெண் என்றான். அல்ஹம்து லில்லாஹ், நல்ல மதிப்பெண்தானே என்றோம். தலையைக் குனிந்துகொண்டு, "அத்தா 470 கேட்டாங்க ஹஜ்ரத்" என்றான். சற்று நேரம் கழித்து, "அத்தா கோபம் தணியறதுக்கு என்ன ஓதணும்?" என்று கேட்டான்.

காய்ச்சலுக்கும், கண்ணேறுக்கும், கடன் அடையவும் ஓதக் கேட்டு நம்மிடம் வருவோர் பலர். பெற்ற தந்தைக்குப் பயந்து, ஓதுவதற்கு ஒரு து'ஆ கேட்டு ஒரு பிள்ளை வந்தது அதுவே முதல் தடவை. அன்று அவனை அழைத்துக்கொண்டு அவன் வீடு வரை நடந்தோம். அங்கு நடந்ததைப் பின்னர் கூறுவோம். நடந்து போகும்போது நம் மனத்தில் எழுந்த கேள்வியைத்தான் வாசகப் பெருமக்கள் முன் வைக்க விரும்புகிறோம். பிள்ளையின் படிப்பில் தந்தை எவ்வளவு எதிர்பார்க்கலாம்? எதிர்பார்ப்பது அவருடைய உரிமையா? உரிமை என்றால் அதற்கு எல்லை உண்டா?

எதிர்பார்ப்பே கூடாது என்று சிலர் இப்போது பேசுகின்றனர். பிள்ளையை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும் என்கின்றனர். இதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். நம் சமுதாயத்துக்கு அந்தப் பழக்கம் நேர்ந்து அதனால் பட்டது போதும். வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி 1919-இலும், சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் 1951-இலும் தோன்றின. நம் முன்னோர் கைப்பொருளைக் கொடுத்துக் கல்விக் கதவைத் திறந்து வைத்திருந்தும், எத்தனை வீடுகளில் பையனுக்கு மீசை அரும்பியதும் பாஸ்போர்ட் எடுக்கும் பேச்சுத்தான் நடந்தது! அன்று பர்மா, மலாயா. பின்னர் வளைகுடா நாடுகள். பத்தாவதில் தவறினாலும் யாரும் கேட்கவில்லை. தேறினாலும் யாரும் கேட்கவில்லை. தன்னிடமிருந்து எவரும் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று உணர்ந்து வளரும் பிள்ளையின் மனமும் ஒருவகையில் அநாதையின் மனந்தான். அத்தகையவர் சிலர் இன்று நாற்பது ஐம்பது வயதில் நம்மிடம் வந்து, "எங்க அத்தா ஒரு நாள் கூடப் புத்தகத்தை எடுன்னு சொன்னதில்லை ஹஜ்ரத்" என்று குறைப்படுவதைக் கேட்டிருக்கிறோம்.

அந்தப் பிள்ளைகளே இன்று தந்தையராகிவிட்டனர். தமக்குக் கிடைக்காததை எல்லாம் தம் மகனிடம் வட்டியும் முதலுமாகக் கேட்கின்றனர். வட்டி ஹராம் என்பதை இந்த இடத்தில் மட்டும் மறந்துவிடுகின்றனர்.

ஹதீஸ் நூல்களில் கல்வியைப் பற்றிய பாடத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. மதரஸாவில் ஓதும்போது பலமுறை கடந்து சென்ற ஹதீஸ்தான். நாம் ஒரு பிள்ளைக்குத் தகப்பனான பிறகே அதன் உட்பொருள் விளங்கிற்று. பெருமானார் (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம், இலை உதிராத ஒரு மரம் இருக்கிறது, அது முஃமினுக்கு உவமையானது, அது எந்த மரம் என்று கேட்டார்கள். சபையிலிருந்தோர் காட்டு மரங்களை எல்லாம் எண்ணிப் பார்த்தனர். இளைஞரான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களுடைய மனத்தில் அது பேரீச்ச மரம் என்று பட்டுவிட்டது. ஆனால் அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) போன்ற பெரியோர் வாய் திறவாதிருக்கும்போது நாம் எப்படிப் பேசுவது என்று வெட்கி மௌனமாக இருந்துவிட்டார்கள். கடைசியில் நாயகமே அது பேரீச்ச மரம் என்று அறிவித்தார்கள். சபை கலைந்த பின்னர் மகனார் தம் தந்தையிடம் இதைச் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்கள், நீ அதைச் சொல்லியிருந்தால், இன்னின்ன பொருள் எனக்குக் கிடைப்பதைவிட அது எனக்கு உவப்பாக இருந்திருக்கும் என்றார்கள்.

இந்தச் சிறு நிகழ்ச்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உமர் (ரலி) அவர்கள் ஆசையற்ற தந்தையல்லர். மகன் சபையில் விளங்க வேண்டும், நாயகத்தின் திருமுன் அவன் அறிவு வெளிப்பட வேண்டும் என்ற ஆவல் அவர்களுக்கு நிரம்ப இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. ஆனால் எப்படிச் சொன்னார்கள்? ஊர் கேட்கச் சொல்லவில்லை. இன்னார் மகனைப் பார் என்று சொல்லவில்லை. உனக்கு வாயில்லையா, உன்னால் எனக்கு அவமானம் என்று சொல்லவில்லை. மகன் செய்யத் தவறியதைப் பற்றியே பேசவில்லை என்றுகூடச் சொல்லலாம். தம் உள்ளத்து மகிழ்ச்சி எதில் இருக்கிறது என்பதை மட்டும் திறந்து காட்டினார்கள். மகனின் மௌனத்துக்குக் காரணம் பெரியோரிடம் கொண்ட மரியாதை. அது ஒரு குணம், குறையல்ல என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தச் செய்தி நமக்கு எப்படி வந்தது? அறிவிப்பவர் அந்த மகனாரே! தந்தை சொன்ன ஒரு வார்த்தையைப் பின்னாளில் தம் மாணாக்கர்களிடம் தாமே எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். தைத்த முள்ளை ஒருவன் இப்படி எடுத்துக் காட்ட மாட்டான். மிக அதிகமான ஹதீஸ்களை அறிவித்த ஸஹாபாக்களின் வரிசையில் இப்னு உமர் (ரலி) அவர்களும் ஒருவர் என்பது யாவரும் அறிந்ததே. வெட்கப்பட்டு வாய் மூடியிருந்த இளைஞர், பிற்காலத்தில் உம்மத்துக்கே வாய் திறந்து சொல்பவரானார்கள்.

நம் வீடுகளில் மகன் வந்து நிற்கும்போது முதலில் எழும் கேள்வி என்ன? "எத்தனை?" என்பதுதான். அடுத்தது, "பக்கத்து வீட்டுப் பையன் எத்தனை?" 2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு, பொதுத்தேர்வுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டது. அரசாங்கம் நிறுத்தியதை நாம் அடுப்பங்கரையிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும், ஏன், பள்ளிவாசல் திண்ணையிலும் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

ஸுஃப்யான் ஸவ்ரீ (ரஹ்) அவர்களின் தாயாரும் மகனிடம் கணக்குக் கேட்டவர்தாம். நூல் நூற்று உன்னை நான் காப்பாற்றுகிறேன், நீ கல்வியைத் தேடு என்று அனுப்பிய தாய் அவர். பத்து ஹதீஸ்களை எழுதியதும், உன் நடையிலும் பொறுமையிலும் கண்ணியத்திலும் ஏதேனும் கூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள் என்று மகனுக்குச் சொன்னதாக வரலாற்று நூல்களில் காண்கிறோம். பத்து என்ற எண்ணை அந்தத் தாயும் சொன்னார். ஆனால் எண்ணோடு நிற்கவில்லை.

இனி, நாம் சந்திக்கும் தந்தையர் வழக்கமாகச் சொல்லும் ஒரு வாதத்துக்கு வருவோம். "பாலைவனத்தில் பதினாலு வருஷம் வெந்து சம்பாதித்தேன். இவனுக்காகத்தானே? பதிலுக்கு நாலு மார்க் வாங்கக் கூடாதா?" இதைச் சொல்லும்போது அவர்கள் கண் கலங்குவதை நாம் கண்டிருக்கிறோம். அந்த உழைப்பை நாம் அற்பமாக நினைக்கவில்லை. ஆயினும் ஃபிக்ஹைக் கொண்டு இதைப் பார்ப்போம். சிறு பிள்ளைக்கு உணவும் உடையும் இருப்பிடமும் அளிப்பது தந்தையின் மீது வாஜிபான நஃபகா. கடமையை நிறைவேற்றியதற்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. அது பிள்ளையின் பேரில் எழுதப்பட்ட கடனாக ஆகாது. கடனாக இருந்திருந்தால், தந்தை மௌத்தானால் மகன் அதை அடைக்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்குமே! பெற்றோருக்கு நன்றி செலுத்த வேண்டும், உபகாரம் செய்ய வேண்டும், அவர்கள் முன் 'சீ' என்று கூடச் சொல்லக் கூடாது என்று திருமறை வலியுறுத்துகிறது. அதெல்லாம் பிள்ளையின் மீதுள்ள பெரும் கடமைகள். ஆனால் அந்த நன்றியைக் கணக்குப் பாடத்திலே நூற்றுக்கு இத்தனை என்று அளந்து வாங்க மார்க்கத்தில் ஆதாரம் இல்லை.

மனிதனுக்குரியது அவனுடைய முயற்சி. முடிவு அல்லாஹ்வின் நாட்டம். இதை நாம் வியாபாரத்தில் நம்புகிறோம். நஷ்டம் வந்தால் 'கத்ர்' என்று ஆறுதல் கொள்கிறோம். மகனுடைய மதிப்பெண்ணில் மட்டும் கத்ருக்கு இடமில்லையா? நூஹ் (அலை) அவர்கள் எவ்வளவு அழைத்தும் மகன் கப்பலில் ஏறவில்லை என்பதைத் திருமறையில் ஓதிவிட்டு, பிள்ளை வகுப்பில் முதலாவதாக வராததைத் தம் வளர்ப்பின் தோல்வி என்று குமைவது என்ன நியாயம்?

கண்டிக்கவே கூடாதா என்று கேட்கலாம். உழைக்காத பிள்ளையைக் கண்டிக்கத்தான் வேண்டும். உழைத்தும் குறைந்த பிள்ளையைக் கண்டிப்பதுதான் அநீதி. இரண்டையும் பிரித்தறிய, பிள்ளை படிக்கும்போது தந்தை பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். தேர்வு முடிவு வரும் அன்று மட்டும் ஆஜராகிறவருக்கு அது தெரியாது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதுமிடத்தில், ஓதல் பள்ளியிலிருந்து திரும்பிய குழந்தையை விளையாட விட வேண்டும், விளையாட்டைத் தடுத்து ஓயாமல் பாடத்திலேயே வருத்தினால் அதன் இதயம் செத்து, அறிவு மழுங்கிவிடும் என்று எச்சரிக்கிறார்கள். ஓயாமல் ஏசிக்கொண்டே இருந்தால் ஏச்சு பழகிப்போய் வார்த்தைக்கு மதிப்பில்லாமல் போய்விடும் என்றும் எழுதியிருக்கிறார்கள். இமாமவர்கள் ஹிஜ்ரி 505-இல் மறைந்தவர்கள். டியூஷன் என்ற ஒன்றையே காணாத காலம் அது! இப்னு கல்தூன் அவர்களும் தம் முகத்திமாவில், மாணவர்களிடம் கடுமை காட்டினால் அவர்கள் பொய்யையும் சூழ்ச்சியையும் கற்றுக்கொள்வார்கள் என்கிறார்கள். மதிப்பெண் அட்டையில் தந்தையின் கையெழுத்தைத் தானே போட்டுக்கொள்ளும் பையனைக் கண்ட ஆசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அண்ணன் தம்பிகளை ஒப்பிடுவது இன்னொரு கொடுமை. பஷீர் (ரலி) அவர்கள் தம் மகன் நுஃமானுக்கு மட்டும் ஓர் அன்பளிப்பைக் கொடுத்து அதற்கு நாயகத்தைச் சாட்சியாக்க வந்தபோது, உம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று கேட்டு, இல்லையென்றதும் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். பொருளில் இந்த நீதி என்றால் புகழிலும் முகமலர்ச்சியிலும் அது வேண்டாமா?

இதுவரை பிறரைச் சொன்னோம். இனி நம்மைச் சொல்கிறோம். பள்ளிக்கூடப் படிப்பில் மட்டும்தான் இந்த நோய் என்று நாம் மெத்தனமாக இருக்க முடியாது. ஹாபிழின் பெற்றோருக்கு மறுமையில் கிரீடம் அணிவிக்கப்படும் என்ற ஹதீஸைக் கேட்டுவிட்டு, எட்டு வயதில் நம்மை ஹிஃப்ழு மதரஸாவில் சேர்த்தார் நம் தந்தை. ஆறு ஜுஸ்உகளுக்கு மேல் நமக்கு நிற்கவில்லை. விடுமுறையில் வீடு வந்தால், வருகிற உறவினர் முன்னிலையில், "எத்தனை ஜுஸ்உ ஆச்சு?" என்பார். பதில் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடைசியில் ஓர் உஸ்தாத் நம் தந்தையிடம், இந்தப் பிள்ளைக்கு மனனம் வரவில்லை, விளக்கம் வருகிறது, கிதாபு ஓத விடுங்கள் என்று எடுத்துரைத்தார். நம் தந்தை ஏற்றுக்கொண்டார். ஆனால் நம்மை ஆலிமாகக் கண்டு மகிழ்ந்த அவர் முகத்தில்கூட, கிட்டாத அந்தக் கிரீடத்தின் நிழலை நாம் தேடிக்கொண்டே இருந்தோம். அவர் மறைந்து ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் தராவீஹில் ஹாபிழ்களின் பின்னே நிற்கும்போது அந்தக் கேள்வி காதில் விழுகிறது. இத்தனையும் தெரிந்த நாமே, சென்ற ஆண்டு நம் மூத்த மகளிடம் அதே கேள்வியை, அதே தொனியில், விருந்தினர் முன்னால் கேட்டுவிட்டோம். அவள் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

லுக்மான் (அலை) அவர்கள் மகனுக்குக் கூறிய உபதேசத்தில், மூன்று இடங்களில் 'யா புனய்ய' என்று அழைப்பதாகத் திருமறையில் வருகிறது. ஸர்ஃபு ஓதியவர்களுக்குத் தெரியும், அது தஸ்கீருடைய வடிவம். 'என் சின்ன மகனே' என்ற கொஞ்சல் அதில் இருக்கிறது. ஏவப்படும் காரியங்களோ சிறியவையல்ல: ஷிர்க்கை விலக்கு, தொழுகையை நிலைநாட்டு, துன்பத்தில் பொறுத்திரு. கேட்பது மலையளவு, கூப்பிடும் குரல் மடியில் இருத்திய குரல். இப்ராஹீம் (அலை) அவர்களும், தம் மகனை அறுப்பதாகக் கண்ட கனவைக் கூறும்போது அதே சொல்லால் அழைத்து, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறார்கள். இறைக் கட்டளையிலேயே மகனின் கருத்தைக் கேட்டவர்கள் அவர்கள். பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்று நாம் பிள்ளையைக் கேட்பதில்லை.

அன்றிரவு அந்த வீட்டுக்குப் போனோம். விடுப்பில் வந்திருந்த தந்தை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் கடைத்தெரு முழுக்கத் தேடிவிட்டு வந்ததாக அவன் தாயார் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார். அவர் மகனை அடிக்கவில்லை, பேசவும் இல்லை. நம்மை உட்காரவைத்து, "அப்போ நான் ஆசைப்படக் கூடாதா ஹஜ்ரத்?" என்றார். ஆசைப்படுங்கள், அதை அவனிடமே ஆசையாகச் சொல்லுங்கள் என்று கூறி, பேரீச்ச மரத்தின் கதையைச் சொன்னோம். கேட்டுக்கொண்டார். கணக்கில் 78 வாங்கியவன் எப்படி இன்ஜினியர் ஆவான் என்று மறுபடியும் ஆரம்பித்தார். தேநீர் வந்தது. எழுந்து வரும்போது மகனைக் கூப்பிட்டு, "நீ என்ன குரூப் எடுக்கலாம்னு இருக்கே?" என்று கேட்டார். குரலில் இன்னும் கடுமை இருந்தது, ஆனால் கேட்டார்.

பையன் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் யோசித்துச் சொல்கிறேன் அத்தா என்றான்.