மகனிடம் சொன்னதும் என்னிடம் சொல்லாததும்

"பெரியவர்கிட்ட எல்லாத்தையும் சொன்னா பயந்துடுவார்." நம் வீடுகளில் இதை அன்பு என்றே நினைக்கிறோம். புராஸ்டேட் பயாப்சிக்குப் போனபோது அந்தப் பெரியவர் நான்.

டாக்டர் பேசியதெல்லாம் என் மகனிடம். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் நின்றேன். "சிறுநீர்ல சில நாள் ரத்தம் வரும், மலத்திலும் கொஞ்சம் படலாம், தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லுங்க." அவ்வளவுதான்.

பயாப்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆசனவாய் வழியே ஸ்கேன் கருவியைச் செலுத்தி, மரத்துப்போக ஊசி போட்டு, பத்துப் பன்னிரண்டு இடங்களில் மெல்லிய இழைகளாகச் சதை எடுக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஸ்டேப்ளர் அடிப்பதுபோல 'டக்'கென்று ஒரு சத்தம்.

டாக்டர் சொன்னதில் விட்டுப்போனது விந்தில் வரும் ரத்தம். மகனை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வார், பாவம்! 2012இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு, இந்தப் பயாப்சி செய்துகொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 35 நாள் கவனித்தது. சிறுநீரில் ரத்தம் கண்டவர்கள் நூற்றுக்கு 66 பேர். விந்தில் கண்டவர்கள் 93 பேர். அதிகம் பேருக்கு வருகிற ஒன்றைத்தான் நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. அறுபதைத் தாண்டியவருக்கு அதெல்லாம் எதற்கு என்ற எண்ணமும் இதற்குள் இருக்கிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்த ரத்தம் வாரக்கணக்கில் துரு நிறத்தில் வரும், தானே நின்றுவிடும், கெடுதல் இல்லை. இது முன்பே தெரியாதவர் என்ன நினைப்பார்? புற்றுநோய் முற்றிவிட்டது என்றுதான். மனைவியிடம் சொல்ல மாட்டார், மகனிடம் கேட்க மாட்டார். ரிசல்ட் வரும்வரை ராத்தூக்கம் போய்விடும்.

நிஜமாகப் பயப்பட வேண்டியது வேறு. குடலில் இருக்கும் கிருமி ஊசியோடு போய் ரத்தத்தில் கலந்துவிடலாம். அபூர்வம்தான், ஆனால் வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகள் நம் நாட்டில் அதிகம். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தோல் வழியாக ஊசி செலுத்தினால் இந்த ஆபத்து குறைவு என்று ஐரோப்பிய சிறுநீரியல் சங்கம் அந்த முறையையே பரிந்துரைக்கிறது. உங்கள் ஊரில் அதற்கு வசதி உண்டா என்று கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பயாப்சிக்குப் பிறகு குளிர் நடுக்கமோ 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சலோ வந்தால், சிறுநீர் அடைத்துக்கொண்டால், பாராசிட்டமால் போட்டுப் படுத்து, விடியட்டும் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பயாப்சி செய்துகொண்டதை அங்கே உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.