எந்தத் தெருவில் தங்கினார்கள்?

எம்.ஏ. சமூகவியல் படிக்கும்போது லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சாதியைப் பற்றித்தான் பாடம் என்றதும் எங்கம்மா கேட்டுச்சு: “சாதியப் பத்தி எழுதுன அந்தப் பெரிய வாத்தியாருங்க நம்ம தெரு மாதிரித் தெருவுக்குள்ள வந்து இருந்திருக்காங்களாடா?” எனக்குப் பதில் தெரியவில்லை. வகுப்பில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

பதில் அவர்களுடைய புத்தகங்களிலேயே இருக்கிறது. எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கினார். பிராமணரான அவருக்கு ஊர்த்தலைவரின் மாடு கட்டும் வீட்டில் இடம். சமைக்கக் கூடவே ஒரு பிராமணச் சமையல்காரர். 1970இல் அமெரிக்காவில் வைக்கப்பட்ட தீயில் அவருடைய ஆய்வுக் குறிப்புகள் எரிந்துபோயின. பிறகு நினைவிலிருந்தே எழுதிய புத்தகம் 1976இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. சரி. ஆனால் அதிகம் போகாத தெரு நினைவில் எவ்வளவு வரும்?

அவரிடம் ஆய்வு செய்த ஆந்த்ரே பெத்தேய், தில்லிப் பல்கலைக்கழகத்தில் பெயர்பெற்ற பேராசிரியராக இருந்தவர். தகப்பனார் பிரெஞ்சுக்காரர், தாயார் வங்காளி. எந்த வர்ணத்திலும் அடங்காதவர். அவரும் தஞ்சைக் கிராமத்தில் தங்கியது அக்கிரகாரத்தில்தான். ‘ஸ்ரீபுரம்’ என்று பெயர் மாற்றி எழுதிய அந்த நூல் 1965இல் வந்தது.

சேரியோடு தங்களுக்கு இருந்த தொடர்பு குறைவு என்பதை இருவருமே மறைக்கவில்லை, எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மையை மதிக்கிறேன். என் கேள்வி வேறு. ஓர் அநீதியை ஆராய வந்தவர், அதன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டே ஆராயலாமா? ‘கட்டுப்படாவிட்டால் ஊர் உள்ளே விட்டிருக்காது’ என்பார்கள். உண்மைதான். அப்படியானால் அந்த அறிவுக்கு விலை கொடுத்தது யார்?

1916இல், 25 வயது மாணவராக, கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் சாதி பற்றிக் கட்டுரை படித்தார் அம்பேத்கர். அகமணத்தில்தான் சாதியின் வேர் இருக்கிறது என்று சொன்னார். 1918இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானபோது, பொதுப்பானையில் அவர் தண்ணீர் குடிப்பதை உடன் வேலை பார்த்தவர்கள் எதிர்த்தார்கள். அவருக்குக் களப்பணி ஆசிரியர் அறையிலேயே இருந்தது!

இப்படி எழுதிவிட்டு நான் தப்பிக்க முடியாது. பிறகு நானும் ஆய்வுக்குப் போனேன். ஊர்த்தெருவில் வாடகை அறை. சாதி கேட்டபோது மழுப்பினேன். ஒரு சாயங்காலம் பேட்டிக்காகச் சேரியிலிருந்து எங்கப்பா வயசுப் பெரியவர் ஒருத்தர் வந்தார். செருப்பைத் தெருவிலேயே கழற்றிப் போட்டுட்டு, திண்ணைக்குக் கீழே நின்னுக்கிட்டே, ‘சாமி, சாமி’ன்னு பதில் சொன்னார். வீட்டுக்காரம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாங்க. ‘மேல வந்து உக்காருங்க ஐயா’ என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. வந்திருந்தால் அன்றைக்கே நான் யாரென்று தெரிந்திருக்கும்.

என் பயமும் அந்தப் பேராசிரியர்களின் சங்கடமும் ஒன்றல்ல. மாட்டிக்கொண்டிருந்தால் எனக்கு விழுந்திருக்கக்கூடியது வேறு. ஆனாலும் நின்றவருக்குக் கால் வலித்தது ஒன்றுதானே. அவர் சொன்னது என் ஆய்வேட்டில் இருக்கிறது. அவர் நின்றது இல்லை. எனக்குப் பட்டம் கிடைத்தது.

முன்னுரையில் ஒப்புக்கொள்வது படிக்கிறவர்களிடம் ஒப்புக்கொள்வது. நின்றவரிடம் யார் ஒப்புக்கொள்வது? அறிவுக்கு நாணயம் என்று ஒன்று உண்டென்றால் அது அங்கேதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு இப்போது பதில் தெரியும். இன்னும் சொல்லவில்லை. பேராசிரியர்கள் கதையைச் சொல்லிவிடலாம். “நீ எந்தத் தெருவுலடா தங்குன?” என்று அது அடுத்துக் கேட்குமே!