அமானிதமான உடலும் நெடும் பந்தயமும்



பிறர் நம்பி ஒப்படைத்த பொருளைக் கண்போலக் காக்கவேண்டும் என்பது வியாபாரிகளாகிய நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தரவேண்டிய பாடமன்று. நமது உடலும் அத்தகைய அமானிதமே என்று பயான்களில் பலகாலும் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த அமானிதத்தைக் காக்கும் வழி எது என்று கேட்டால், அங்கேதான் கருத்து வேற்றுமை பிறக்கிறது. பெட்டியில் வைத்துப் பூட்டுவது காப்பா? உரியவன் விரும்பும் வழியில் பயன்படுத்திப் பழுதில்லாமல் திருப்பித் தருவது காப்பா?

இக்கேள்வியை அண்மையில் நம்மிடையே கிளப்பிவிட்டது ஒரு விளையாட்டு. 'அயர்ன்மேன்' என்று வழங்கும் முப்பந்தயம் அது. கடலில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, கரையேறி 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இறங்கியதும் 42.2 கிலோமீட்டர் ஓடவேண்டும். எல்லாவற்றையும் வழக்கமாக 17 மணி நேரத்துக்குள் முடித்தாகவேண்டும். 1978-இல் ஹவாய்த் தீவுகளில் தொடங்கிய இப்பந்தயம் 2000-ஆம் ஆண்டில் லங்காவித் தீவுக்கும் வந்தது. இதற்காகப் பல மாதங்கள் பயிற்சி எடுப்பவர்களில் இனிப்பு நீர் வியாதி உள்ளவர்களும் இருக்கிறார்கள். "வியாதிக்காரருக்கு ஏன் இந்த வேண்டாத வேலை? தன்னைத் தானே அழிவில் போட்டுக்கொள்வது மார்க்கத்தில் தடுக்கப்பட்டதல்லவா?" என்று கடைத்தெருவில் கேட்கிறார்கள். மார்க்கத்தின் பெயரால் கேட்கப்படும் கேள்வி இது. நிதானமாகவே விடை காணவேண்டும்.

முதலில், ஆபத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். உடல் உழைக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. உழைப்பு இந்நோய்க்கு மருந்தாவது இதனால்தான். ஆனால் இன்சுலின் ஊசி போடுபவருக்கும், இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் சிலவகை மாத்திரைகளை உண்பவருக்கும், மருந்தும் உழைப்பும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம். 3.9 மில்லிமோலுக்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, பிறகு அறிவு தடுமாற்றம், மயக்கம். ஓடுகிறவருக்கு வியர்வையும் படபடப்பும் எப்படியும் உண்டு. ஆகவே இது களைப்பா, சர்க்கரைக் குறைவா என்பது அவருக்கே தெரியாமல் போகலாம். சாலையில் மயங்கினால் தூக்க ஆள் வரும், கடலில் மயங்கினால்? கடும் உழைப்பின் விளைவு அன்றிரவு உறக்கத்திலும் தொடர்ந்து சர்க்கரையை இறக்குவதுண்டு. இதற்கு மாறாக, உடலில் இன்சுலின் போதாமல் சர்க்கரை ஏறிக் கிடக்கும்போது ஓடினால் அது மேலும் ஏறும். இரத்தத்தில் அமிலம் சேரும். உணர்ச்சி குன்றிய பாதத்தில் கொப்புளம் எழுந்தால் வலி தெரியாது. வலி தெரியாத அந்தப் புண்தான் பின்னால் காலையே கேட்கிறது.

இவற்றைக் கேட்டபின், "அப்படியானால் கூடாது" என்று தீர்ப்புச் சொல்வது எளிது. ஆனால் ஆபத்துள்ள காரியமெல்லாம் அழிவில் விழுவதாகுமானால், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறி வந்த நம் முன்னோர்களும் குற்றவாளிகளாகி விடுவார்கள். கடலில் ஆபத்து உண்டு என்று அறிந்தே அவர்கள் புறப்பட்டார்கள். பருவக் காற்றைக் கணக்கிட்டுப் புறப்பட்டார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டும்படி கற்பித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, ஆபத்து உண்டா என்பதன்று. ஒட்டகம் கட்டப்பட்டதா என்பதுதான்.

நமக்குத் தெரிந்த சகோதரர் ஒருவர், துணிக்கடையில் கணக்கு எழுதுபவர், நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்பவர், இப்பயிற்சி எடுத்து வருகிறார். அவருடைய குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தோம். நம் பேரேட்டைப் போலவே அது பற்று வரவாக எழுதப்பட்டிருக்கிறது. புறப்படுமுன் சர்க்கரை எவ்வளவு, உண்ட மாவுச்சத்து எத்தனை கிராம், ஊசி அளவு என்ன, சென்ற தூரம் என்ன, திரும்பியதும் எவ்வளவு, படுக்குமுன் எவ்வளவு என்று ஒரு நாளும் விடாமல் இருக்கிறது. 7-க்கும் 10-க்கும் இடையில் இருந்தால் புறப்படுகிறார். 5-க்குக் கீழே இருந்தால் எதையாவது உண்டு பொறுத்திருக்கிறார். நெடுஞ்சவாரியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உட்கொள்கிறார். சர்க்கரை இறங்கினால் நின்றுவிடுகிறார். 15 கிராம் குளுக்கோஸ் தின்று, 15 நிமிடம் காத்து, மறுபடி சோதிக்கிறார். கையில் ஒட்டியிருக்கும் உணர்கருவி இரத்தத்தின் நிலையைச் சற்றுப் பிந்தியே காட்டும் என்பதால், ஐயம் வந்தால் விரலில் குத்திப் பார்க்கிறார். தன் வியாதியை அறிந்த தோழர் துணையின்றிக் கடலில் இறங்குவதில்லை. இருதயம், கண், பாதம் மூன்றையும் வைத்தியரிடம் காட்டி அனுமதி பெற்ற பிறகே பயிற்சியைத் தொடங்கினார். வீடு வந்ததும் பாதங்களை விரல் விரலாகப் பார்க்கிறார். ஒரு நாளில் ஐந்து வேளை ஒளுச் செய்து கால் கழுவும் நம்மில் எத்தனை பேர் அந்தக் காலை உற்றுப் பார்க்கிறோம்?

இது தம்மை அழிவில் போட்டுக்கொள்பவரின் நடத்தையாக நமக்குத் தோன்றவில்லை. வியாதி வந்ததோடு மனிதனின் ஆற்றல் முடிந்தது என்பதும் உண்மையன்று. இங்கிலாந்தின் படகோட்டி ஸ்டீவ் ரெட்கிரேவ் நான்கு ஒலிம்பிக் தங்கங்களை வென்றபின் 1997-இல் நீரிழிவுக்கு ஆளானார். ஐந்தாவது தங்கத்தை 2000-இல் சிட்னியில் வென்றார். 1922-க்கு முன் இவ்வியாதியின் கொடிய வகை வந்த சிறுவர்களுக்குப் பெரும்பாலும் மரணமே முடிவாயிருந்தது; அவ்வாண்டு ஜனவரியில்தான் கனடாவின் டொராண்டோ நகரில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. அறிவு அல்லாஹ்வின் அருட்கொடை. அதைக் கொண்டு வாழ்வது அதற்குச் செலுத்தும் நன்றியல்லவா?

ஆயினும், கணக்குச் சரியாக இருப்பதால் மட்டும் வியாபாரம் ஹலாலாகிவிடாது. சரக்கும் ஹலாலாக இருக்கவேண்டும். இங்கே சரக்கு என்பது நிய்யத்து. உடலைப் பேணவும், வியாதிக்கு அஞ்சி ஒடுங்காமல் நிமிர்ந்து வாழவும் ஒருவர் நீந்துகிறாரா, பிறர் கைதட்டலுக்காக நீந்துகிறாரா? பயிற்சிக்குச் செலவாகும் மணி நேரங்கள் மனைவி மக்களின் ஹக்கைப் பறித்தவையா, அவர்கள் மனமுவந்து கொடுத்தவையா? இடைவிடாமல் நோன்பு வைத்து இரவெல்லாம் நின்று வணங்கிய ஒரு தோழருக்கு, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் அவர்மீது ஹக்கு உண்டென்று பெருமானார் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். வணக்கத்துக்கே அளவு உண்டென்றால், பந்தயத்துக்கு இல்லாமல் போகுமா?

நிய்யத்தைச் சோதிக்க ஓர் உரைகல் இருக்கிறது. பாதியில் திரும்பும் மனம் உண்டா என்பதே அது. நோயாளிக்கு ரமலான் நோன்பில் அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். வைத்தியர் தடுத்தும் வீம்புக்கு நோன்பு பிடித்து மயங்கி விழுபவர் பெரிய பக்திமான் அல்லர். ரப்பு தந்த சலுகையைப் புறக்கணித்தவர். பந்தயத்திலும் அப்படித்தான். 150 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துவிட்டார், கருவி எச்சரிக்கிறது, குளுக்கோஸ் தின்றும் ஏறவில்லை. அந்த இடத்தில் இறங்கி, பதக்கமின்றி வீடு திரும்புபவர் அமானிதத்தைக் காத்தவர். எச்சரிக்கையை மறைத்து ஓடி எல்லையைத் தொட்டவர், உயிர் பிழைத்தாலும், அமானிதத்தைச் சூதில் வைத்தவரே. மேற்சொன்ன சகோதரரின் குறிப்பேட்டில் "இன்று திரும்பிவிட்டேன்" என்ற வரி பல இடங்களில் இருக்கிறது. தூரக் கணக்கைவிட அந்த வரிகளே நம் மனத்தைக் கவர்ந்தன.

இனி நம்மைப் பார்ப்போம். மலேசியாவில் 2023-இல் எடுக்கப்பட்ட தேசிய ஆய்வின்படி, 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு உண்டு. அவர்களில் கணிசமானோர் அதை அறியாமலே இருந்தார்கள். காலையில் கடை திறந்து கல்லாவில் உட்கார்ந்தால் இரவுதான் எழுகிறோம். இடையில் டின்பால் ஊற்றிய தேத்தண்ணீர் நான்கைந்து கிளாஸ். கடை அடைத்தபின் நள்ளிரவுச் சாப்பாடு. சோதித்துப் பார்க்கச் சொன்னால் "எல்லாம் நஸீபு" என்கிறோம். ஆண்டுக்கொருமுறை கடைச் சரக்குக்கு இருப்பு எடுக்கும் நாம், இந்த உடலுக்கு எப்போது இருப்பு எடுத்தோம்? அளந்து உண்டு, அளந்து ஓடி, அளந்து திரும்புபவரைப் பார்த்து, அளக்காமலே உட்கார்ந்திருப்பவர் "ஏன் அழிவில் விழுகிறீர்?" என்று கேட்பது பொருந்துமா?

எல்லோரும் லங்காவிக் கடலில் குதிக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வாரத்துக்கு 150 நிமிட நடை போதும் என்பது வைத்திய உலகம் ஒப்பிய அளவு. ஸுப்ஹுக்குப் பள்ளிவாசலுக்கு நடந்து போய் வந்தாலே அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். உடலை ஒப்படைத்தவன் ஒருநாள் கணக்குக் கேட்பான். அன்று ஏட்டைக் கூசாமல் விரித்துக் காட்டும் பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.